பள்ளியில் பதற்றப் படிவம்: முதல்முறை கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஒரு பள்ளியில் உளவியல் ஆலோசகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது சமூகப்பணியோ உளவியலோ முதுகலை படித்துக்கொண்டே களப்பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தாளாளர் கூப்பிட்டு, "எட்டாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் எல்லாருக்கும் ஆங்சைட்டி டெஸ்ட் ஒண்ணு வெச்சிடுங்க, மாசக் கடைசிக்குள்ள ரிப்போர்ட் வேணும்" என்பார். எனக்கும் வேலை இப்படித்தான் தொடங்கியது. எந்தப் படிவம், யாரிடம் அனுமதி, மதிப்பெண் வந்தபிறகு என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. கையில் கிடைத்த கட்டுரைகள் எல்லாம் கிளினிக்கில் தனி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை மனதில் வைத்து எழுதியவை. ஒரு பெஞ்சுக்கு நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் வகுப்புக்கு அவை உதவவில்லை.

அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம், பதற்றத்தை (ஆங்சைட்டியை) அளக்கப் பிள்ளைகளே நிரப்பும் சிறிய படிவங்களைப் பயன்படுத்துவது பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. இந்தப் படிவம் எதுவும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லாது. யாரோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

1. படிவத்தைத் தேடும் முன் உங்கள் நேரத்தை எண்ணுங்கள்

படிவம் மலிவு. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தால் முடிந்தது. அதற்கு அப்புறம் வரும் வேலைதான் ஆளைத் தின்னும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 பிள்ளைகளுக்குப் படிவம் கொடுக்கிறீர்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு, அதாவது 20 பேருக்கு, உதவி தேவைப்படும் அளவுக்குப் பதற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் நல்ல படிவம். அந்த 20 பேரில் நூற்றுக்கு 80 பேரைப் பிடித்துவிடும். ஆக 16 பேர். மீதி 380 பேரில் நூற்றுக்கு 85 பேரைச் சரியாக விட்டுவிடும். ஆனால் 57 பேர் பிரச்சினை பெரிதாக இல்லாமலேயே மாட்டுவார்கள். உங்கள் மேசைக்கு வருவது 73 தாள்கள். அதில் உண்மையாகத் தேவை உள்ளவர்கள் 16 பேர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். நாலு பேர் தவறிப் போகவும் செய்தார்கள்.

அந்த 73 பேரில் யார் அந்த 16 என்பது ஒவ்வொருவரோடும் அரை மணி நேரமாவது பேசினால்தான் தெரியும். பள்ளி நாளில் வகுப்பு, சிறு தேர்வு, விளையாட்டுப் பீரியட் எல்லாம் போக ஒரு நாளைக்கு ஐந்து பேரைப் பார்க்க முடிந்தாலே பெரிது. மூன்று வாரம் ஓடிவிடும். மூன்றாவது வாரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பிள்ளை, "கிட்டத்தட்ட தினமும்" என்று எல்லா வரியிலும் வட்டம் போட்டுவிட்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று அதுவரை காத்துக்கொண்டிருக்கும். இதைவிடப் படிவமே கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஆகவே எத்தனை பேரை ஒரு வாரத்துக்குள் பார்த்து முடிக்க உங்களால் முடியும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நாற்பது பேர் உள்ள ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அது ஒரு ஆள் சமாளிக்கும் அளவு. வாரத்துக்கு ஒரு பிரிவு என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். "ஒரே நாள்ல முடிச்சிடலாமே" என்றால் மேலே உள்ள கணக்கை அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அறிவுரையைவிட இது வேலை செய்யும்.

அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்குள்ள தடுப்பு மருத்துவப் பணிக்குழு 8 முதல் 18 வயது வரை பதற்றத்துக்குப் பரிசோதிக்கலாம் என்று 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது உண்மை. அது மருத்துவர்களிடம் வரும் பிள்ளைகளுக்கான பரிந்துரை. சந்தேகம் வந்தால் உறுதிசெய்யவும் சிகிச்சை தரவும் வழி இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடக்கம்.

2. எந்தப் படிவம்?

இணையத்தில் பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். பயந்துவிடாதீர்கள். பள்ளிக்கு ஒத்துவருவது நாலைந்துதான்.

ஜிஏடி-7 (GAD-7): ஏழு கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. படபடப்பு, நிறுத்த முடியாத கவலை, ஓய்வாக இருக்க முடியாமை, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் இவற்றைக் கேட்கும். 2006இல் பெரியவர்களுக்காக உருவானது. பிள்ளைகளிடமும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நகலெடுக்க, மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் இல்லை. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். புதியவர்கள் இதில் தொடங்குவதே நல்லது.

அதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவான கவலையை அது நன்றாகப் பிடிக்கும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, அம்மாவை விட்டு விடுதிக்கு வந்து தவிக்கும் பிள்ளை, திங்கட்கிழமை ஆனால் வயிற்று வலி என்று வீட்டிலேயே நின்றுவிடும் பிள்ளை இவர்கள் எல்லாம் ஜிஏடி-7இல் குறைந்த மதிப்பெண்ணோடு தப்பிப் போக வாய்ப்பு உண்டு.

அதற்குத்தான் ஸ்கேர்டு (SCARED) என்ற படிவம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவானது, 8 முதல் 18 வயதுக்கானது, 41 கேள்விகள். கடந்த மூன்று மாதத்தைக் கேட்கும். திடீர்ப் பீதியும் உடல் அறிகுறிகளும், பொதுக் கவலை, பிரிவுப் பயம், கூச்சப் பயம், பள்ளியைத் தவிர்ப்பது என ஐந்து பிரிவாக மதிப்பெண் வரும். மொத்தம் 25 அல்லது மேல் என்றால் கவனிக்க வேண்டும். பெற்றோர் நிரப்ப ஒரு படிவமும் தனியாக உண்டு. இதுவும் இலவசம். முழு வகுப்புக்கும் 41 கேள்வி கொடுத்தால் இருபதாவது கேள்விக்குமேல் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பார்கள். அதனால் ஜிஏடி-7இல் மேலே வந்தவர்களுக்கும், ஆசிரியர் தனியாகச் சொல்லி அனுப்பியவர்களுக்கும் மட்டும் இரண்டாவது கட்டமாக இதைக் கொடுப்பது என் வழக்கம். இதற்கு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு குறுவடிவமும் இருக்கிறது. அதில் 3 வந்தாலே முழுப் படிவத்துக்குப் போகலாம்.

எஸ்டிகியூ (SDQ): 25 கேள்விகள், 11 வயதுக்குமேல் பிள்ளைகளே நிரப்பலாம். பதற்றத்துக்கென்று தனியாக இல்லை. உணர்வுச் சிக்கல் என்ற ஐந்து கேள்விப் பகுதிதான் நமக்கு வேண்டியது. நடத்தை, நட்பு, கவனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் நல்ல தேர்வு. அதிகாரபூர்வத் தமிழ் வடிவம் உண்டு. ஒரு பெரிய பொறி: தாளில் நகலெடுத்துப் பயன்படுத்தத்தான் இலவசம். உரிமையாளர்களின் அனுமதி இல்லாமல் கூகுள் ஃபார்மில் ஏற்றக்கூடாது. இதைத் தெரியாமலேயே ஏற்றி வைத்திருக்கும் பள்ளிகள் நிறைய.

ஆர்சிஏடிஎஸ் (RCADS) என்று 47 கேள்வி கொண்டது ஒன்றும், அதன் 25 கேள்விக் குறுவடிவமும் உண்டு. மனச்சோர்வையும் சேர்த்து அளக்கும், இலவசம்தான். ஆனால் அதன் மதிப்பெண்ணை வகுப்பு, பாலினம் வாரியாக அமெரிக்கப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் மாற்றியெடுக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே இது வேண்டாம்.

எம்ஏஎஸ்சி (MASC), பெக் இளையோர் படிவங்கள், ஸ்பீல்பெர்கரின் சிறுவர் படிவம் ஆகியவை விலைக்கு வாங்க வேண்டியவை. டெலிகிராமில் யாரோ அனுப்பிய பிடிஎஃப்பை அச்செடுத்துக் கொடுத்தால் அது திருட்டு நகல். இலவசமாகவே தரமானவை இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவதால் நியாயமான யோசனைதான். ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைக் கொடுத்தால் அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தாளிலும் அந்த வரியைப் பார்த்தே ஆக வேண்டும். முடியாது என்றால் சேர்க்காதீர்கள்.

3. மொழி

இணையத்தில் தமிழ் ஜிஏடி-7 என்று பல வடிவங்கள் உலவுகின்றன. வெளியிட்டவர்களின் தளத்திலிருந்தோ, தமிழ்ப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து வெளியிட்ட ஆய்விலிருந்தோ எடுங்கள். நீங்களே ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்து மறுநாள் கொடுத்தால், அந்த மதிப்பெண்ணுக்கு வெட்டுப்புள்ளி (இதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்ற எண்) எதுவும் செல்லாது.

எடுத்த வடிவத்தை முதலில் ஐந்தாறு பிள்ளைகளிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, "இதுல என்ன கேட்கிறாங்க?" என்று கேளுங்கள். ஒரு மணி நேர வேலை. எந்த வரியில் தடுக்கிறார்கள் என்பது அப்போதே தெரியும். அந்த வரியை மாற்ற வேண்டாம். எப்படி விளக்குவது என்று ஒரே மாதிரி ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பிரிவிலும் அதையே சொல்லுங்கள்.

ஆங்கில வழிப் பள்ளி என்றால் ஆங்கிலப் படிவம் போதும் என்று நினைக்காதீர்கள். பாடப்புத்தக ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்குத் தன் மனசைச் சொல்லும் ஆங்கிலம் தெரியும் என்று சொல்ல முடியாது. அதே பிள்ளைக்குத் தமிழை வேகமாக வாசிக்கவும் வராது. இரண்டு பிரதியும் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விடுங்கள். தமிழ்ப் பிரதியை முன்னால் நின்று ஒருமுறை வாசித்தும் காட்டலாம். எந்த மொழியில் நிரப்பினார்கள் என்று தாளின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் அதே மொழியில்தான் கொடுக்க வேண்டும்.

4. தாள்கள், கையெழுத்துகள்

இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். தேவைப்படுபவை இவை:

பள்ளியின் எழுத்துமூல ஒப்புதல். தலைமையாசிரியர், தனியார் பள்ளி என்றால் தாளாளரும். எந்த வகுப்பு, எந்தப் படிவம், முடிவுகளை யார் பார்ப்பார்கள் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பெயர்ப்பட்டியல் ஆசிரியர் அறைக்குப் போகாது என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடிவு வந்தபிறகு வாங்க முடியாது.

அரசுப் பள்ளியில் வெளியாளாகப் போய்ச் செய்வதென்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். கல்லூரியின் கடிதம், படிவத்தின் நகல், பெற்றோர் கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொண்டுபோங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் அலைய வேண்டும். ஆய்வேட்டுக்கான வேலை என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில். மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் எழுத்துமூல இசைவும் வேண்டும்.

பெற்றோர் ஒப்புதல். டைரியில் சீல் குத்திக் கையெழுத்து வாங்குவது போதாது. தனித் தாளாக, தமிழில், அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் பயன்படுத்துவது:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கவலை, பயம், படபடப்பு பற்றி ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுக்க உள்ளோம். ஐந்து நிமிடம் ஆகும். இது தேர்வு அல்ல. மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழிலோ இது பற்றி எதுவும் எழுதப்படாது. பதில்களைப் பள்ளி ஆலோசகர் மட்டுமே பார்ப்பார். பிள்ளைக்கு உதவி தேவை என்று தோன்றினால் முதலில் உங்களிடம் பேசுவோம். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பிள்ளைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சம்மதம் / சம்மதம் இல்லை. கையெழுத்து."

மாற்றுச் சான்றிதழ் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். பெற்றோரின் பெரிய பயம் அதுதான். கடிதம் கொடுத்தனுப்பினால் பாதிதான் திரும்பி வரும். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும். திரும்பி வராத கடிதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில்களைக் கணினியில் ஏற்றுவதாக இருந்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது.

5. நாள் குறிப்பது

ஜிஏடி-7 கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் கொடுத்தால் வகுப்பே பதற்றத்தில் இருப்பதாகத்தான் வரும். செப்டம்பரும் டிசம்பரும் வேண்டாம். பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு ஜனவரிக்கு அப்புறம் வேண்டவே வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்த கையோடும் வேண்டாம். புது வகுப்பு, புது ஆசிரியர் என்று எல்லாருக்கும் கொஞ்சம் உதறல் இருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரையும், காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டு வாரம் கழித்தும் நல்ல காலம்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஒரு பிள்ளை பயப்படும்படி ஏதாவது எழுதிவிட்டால் நடுவில் இரண்டு நாள் விடுமுறை. திங்களோ செவ்வாயோ, காலை இரண்டாம் பீரியட், நீங்கள் அன்று முழுநாளும் பள்ளியில் இருக்கும்படி வையுங்கள்.

6. வகுப்பறையில்

வகுப்பாசிரியரை வெளியே அனுப்புங்கள். மரியாதையாகத்தான்: "சார், ஒரு இருபது நிமிஷம், நான் பார்த்துக்கிறேன்." அவர் மேசைகளுக்கு நடுவே நடந்தால் எல்லாத் தாளிலும் பூஜ்யம்தான் வரும்.

பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார வையுங்கள். இடம் இல்லையென்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை நூலகத்துக்கு அனுப்புங்கள். பெயர் எழுதும் இடத்தில் குறியீட்டு எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்களிடம் மட்டும். பெயரே தெரியாமல் வாங்கினால் உண்மையாக எழுதுவார்கள் என்பது சரிதான். ஆனால் உதவி கேட்டு எழுதிய பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பீர்கள்.

பிள்ளைகளிடம் ரகசியத்தைப் பற்றிச் சொல்லும்போது அளந்து பேசுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் சொல்வது இப்படி: "நீங்க எழுதறத டீச்சர் பார்க்க மாட்டாங்க, ஃப்ரண்ட்ஸ் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும் பார்ப்பேன். உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி செய்யறவங்ககிட்ட சொல்லியாகணும், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் இல்ல. பிடிக்கலைன்னா எழுதாம விடலாம்." பாலியல் கொடுமை நடந்திருப்பதாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் உங்கள்மீதே வழக்கு வரும்.

தாளை வாங்கும்போதே எல்லா வரிக்கும் பதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். விட்டுப்போன வரியைக் காட்டி, "மறந்துட்டியா, வேணாம்னு விட்டியா?" என்று மெதுவாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

7. அன்றைக்கே கூட்டிப் பார்ப்பது

ஏழு எண்களைக் கூட்டுவதுதான். நாற்பது தாளுக்கு அரை மணி நேரம். இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஜிஏடி-7இல் 5, 10, 15 என்று மூன்று கோடுகள்: லேசானது, நடுத்தரம், கடுமையானது. பெரியவர்களுக்குப் பொதுவாக 10இல் நிறுத்திப் பார்ப்பார்கள். 12 முதல் 17 வயதினரிடம் நடந்து 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு 11 பொருத்தமாக இருக்கும் என்றது. எனக்கு 10 போதும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் தெரியப்போவதில்லை.

எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது வேறு மூன்று. ஒன்று, தாளின் ஓரத்தில் எழுதியது. "மிஸ் உங்ககிட்ட பேசணும்" என்று பென்சிலில் எழுதியிருக்கும், மதிப்பெண் 4 ஆக இருக்கும். அந்தப் பிள்ளைதான் முதலில். இரண்டு, ஏழு வரியிலும் ஒரே நேர்கோட்டில் வட்டம். எல்லாம் 0 என்றாலும் எல்லாம் 3 என்றாலும் வாசிக்காமல் போட்டிருக்கலாம். எல்லாம் 3 போட்டவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், விளையாட்டாகப் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று, ஜிஏடி-7இன் கடைசியில் வரும் கூடுதல் கேள்வி: இவற்றால் படிப்பு, வீடு, மற்றவர்களோடு பழகுவது எவ்வளவு கஷ்டமாகிறது என்பது. மொத்தத்தில் அது சேராது. ஆனால் மொத்தம் 9, கஷ்டம் "மிக அதிகம்" என்றால், மொத்தம் 12, கஷ்டமே இல்லை என்பவரைவிட இவரைத்தான் முன்னால் கூப்பிட வேண்டும்.

குறைந்த மதிப்பெண் வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

8. தனியாகப் பேசுவது

வகுப்பு நடுவில் பியூனை அனுப்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அடுத்த இடைவேளைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். மதிப்பெண் குறைந்த இரண்டு மூன்று பேரையும் கலந்து கூப்பிடுங்கள். யாருக்கும் யார் என்று தெரியாது.

மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள். "உனக்கு 14 வந்திருக்கு" என்றால் அது அந்தப் பிள்ளைக்கு ஒரு ரேங்க். எழுதியதைக் காட்டியே தொடங்கலாம்: "கவலை நிக்க மாட்டேங்குதுன்னு எழுதியிருக்கே. கடைசியா எப்ப அப்படி இருந்துச்சு?" எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எதைச் செய்ய முடியாமல் போனது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உடம்பையும் கேளுங்கள். சாப்பாடு, தூக்கம், மாதவிடாய், காபி, எனர்ஜி டிரிங்க், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் படபடப்பைக் கொடுக்கும். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்வது மனநல மருத்துவரிடம் அனுப்புவதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. வீட்டில் அடி, ட்யூஷனில் தொந்தரவு, பேருந்தில் பின்தொடரும் ஆள் என்று நிஜமான காரணம் இருக்கலாம். அப்போது குறைக்க வேண்டியது அந்தக் காரணத்தைத்தான். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஏஎஸ்கியூ (ASQ) என்ற நான்கு கேள்வித் தொகுப்பு இதற்கென்றே இலவசமாக இருக்கிறது. எதற்காவது ஆம் என்றால், இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று ஐந்தாவதாக ஒன்று கேட்க வேண்டும். அதற்கும் ஆம் என்றால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், பெற்றோர் வரும்வரை கூடவே இருங்கள், அன்றே மருத்துவமனை.

9. பெற்றோரும் மருத்துவரும்

பள்ளியிலிருந்து போன் என்றாலே வீட்டில் நெஞ்சு பதறும். முதல் வாக்கியத்திலேயே அதை இறக்கிவிடுங்கள்: "வணக்கம்மா, ஸ்கூல் ஆலோசகர் பேசறேன். தம்பி நல்லா இருக்கான், கிளாஸ்லதான் இருக்கான். ஒரு விஷயம் பேசணும், நாளைக்கு அப்பாவும் நீங்களும் வர முடியுமா?" போனிலேயே எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். பிள்ளையிடம், "அம்மாகிட்ட இன்னின்னதுதான் சொல்லப்போறேன், சரியா?" என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

நேரில் வந்ததும் "எங்க பிள்ளைக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்ற கேள்வி வரலாம். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள், சொல்லும் தகுதி படிவத்துக்கும் இல்லை. தூக்கம் கெடுகிறது, திங்கட்கிழமைகளில் வரவில்லை, சாப்பாடு குறைந்திருக்கிறது என்று வீட்டிலும் பார்த்திருக்கக்கூடியவற்றைச் சொல்லுங்கள். பெற்றோர் ஸ்கேர்டு படிவம் நிரப்பினால், பிள்ளை எழுதியதோடு அது ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். உள்ளுக்குள் ஓடும் கவலையைப் பிள்ளை நன்றாகச் சொல்லும். தவிர்ப்பதையும் அடம்பிடிப்பதையும் பெற்றோர் நன்றாகச் சொல்வார்கள். யார் பொய் சொல்கிறார்கள் என்று தேட வேண்டாம்.

எங்கே அனுப்புவது? மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, செலவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றாலே குடும்பங்கள் பின்வாங்கும்; பக்கத்து மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவு என்றால் வருவார்கள். எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார் என்று முன்னாலேயே கேட்டு எழுதி வையுங்கள். தனியாரில் ஒருமுறை பார்க்கச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். போனில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடப்பது, எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. படிவம் கொடுக்கும் நாளில் இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதி எல்லாரையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிவத்தில் பொய் எழுதிய பிள்ளைக்கும் அது பயன்படும்.

அனுப்பும்போது ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தப் படிவம், எந்தத் தேதி, மொத்தம் எவ்வளவு, நீங்கள் பேசியதில் தெரிந்தது என்ன. அது இல்லையென்றால் கூட்டமான புறநோயாளிப் பிரிவில் குடும்பம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

10. பள்ளிக்குக் கொடுக்கும் அறிக்கை, செலவு, தாள்கள்

அறிக்கையில் வகுப்புவாரியாக எண்ணிக்கை மட்டும். எத்தனை பேர் நிரப்பினார்கள், எத்தனை பேரோடு பேசியாகிவிட்டது, எத்தனை பேரை மேலே அனுப்பினோம். சிறிய பிரிவு என்றால் பிரிவையும் சொல்லாதீர்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "யாருக்கு ஜாஸ்தி?" என்று ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுங்கள். தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும், உங்கள் மேற்பார்வையாளருக்குக்கூட, அனுப்பாதீர்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு பிரிவுக்குப் படிவமும் பெற்றோர் கடிதமும் நகலெடுக்க நூறு, இருநூறு ரூபாய். பூட்டு உள்ள ஒரு அலமாரி தனியாகக் கேளுங்கள். நிர்வாகம் முதலில் தயங்குவது அதற்குத்தான்.

மறுபடி அளப்பதென்றால் குறைந்தது நாலு வாரம் போகட்டும். ஜிஏடி-7 இரண்டு வாரத்தைக் கேட்பது, அதனால் வாராவாரம் கொடுத்தால் அதே நாள்களையே திரும்ப எண்ணுவீர்கள். முதல்முறை மிக உயரமாக வந்தவர்கள் இரண்டாம் முறை கொஞ்சம் இறங்குவது எதுவும் செய்யாவிட்டாலும் நடக்கும். இரண்டு மூன்று புள்ளி குறைந்ததை உங்கள் வெற்றியாக அறிக்கையில் எழுத வேண்டாம்.

தாள்களை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதை முதல் ஒப்புதல் கடிதத்திலேயே முடிவுசெய்து எழுதிவிடுங்கள். பின்தொடர்பில் உள்ள பிள்ளைகளுடையதைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, மற்றவற்றைக் கல்வியாண்டு முடிந்ததும் நான் அழித்துவிடுவேன். பழைய விடைத்தாள் கட்டோடு சேர்ந்து எடைக்குப் போய்விட்டால் நாளை டீக்கடையில் போண்டா மடிக்கும் தாளாக அது வரும். ஷ்ரெட்டர் இல்லாத பள்ளியில் ஒரு பக்கெட் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கூழாக்கிக் கொட்டினால் போதும். குறியீட்டு எண் பட்டியலையும் அதே பக்கெட்டில் போட மறக்காதீர்கள்.